விருந்தாளி கட்டும் வரி, விழாவுக்குப் போகும் பணம்

2024 ஜூலை முதல் வாரத்தில் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரத்து ஹோட்டல்களில் எங்கு திரும்பினாலும் தமிழ் காதில் விழுந்தது. வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையின் ஆண்டு விழா அந்த முறை அங்கே நடந்தது. நியூ ஜெர்சி, கலிபோர்னியா என்று பல மாநிலங்களிலிருந்து குடும்பத்தோடு வந்து இறங்கியவர்கள், ஊர் திரும்பும் நாளில் ஹோட்டல் பில்லை வாங்கிப் பார்த்திருப்பார்கள். அந்நகரத்தில் அப்போது அறை வாடகை மீதான வரி 16.75 விழுக்காடு. மாநிலத்துக்கு 6, நகராட்சிக்கு 7, மாநாட்டு மண்டப விரிவாக்கத்துக்கு 2, கவுண்டிக்கு 1.75. ஓர் இரவுக்கு 150 டாலர் வாடகை என்றால் வரி மட்டும் 25 டாலர். மூன்று இரவு தங்கிய குடும்பம் 75 டாலர் கட்டிவிட்டு விமானம் ஏறியிருக்கும். அது எங்கே போகிறது என்று கேட்டவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

அதில் ஒரு பகுதி, அடுத்த விருந்தாளியை அழைத்துவரப் போகிறது. வேறு மாநிலத் தொலைக்காட்சிகளில் நகரத்தைப் பற்றி வரும் விளம்பரம், விமானத்தில் கையில் கிடைக்கும் இதழில் வரும் இசை விழா அறிவிப்பு, நெடுஞ்சாலை ஓரம் நிற்கும் பலகை ஆகியவற்றுக்குப் பின்னால் அமெரிக்காவின் பல மாநிலங்களில் இந்த வரிப் பணம் இருக்கிறது. உள்ளூர் விழாவை வெளி மாநிலத்தாரிடம் விற்க அரசு செலவு செய்யலாமா, செய்தால் எவ்வளவு, போட்ட பணம் திரும்பியதா என்று அங்கே அரை நூற்றாண்டாக விவாதம் நடக்கிறது. சட்டமன்றங்கள் மோதியிருக்கின்றன, வாக்காளர்கள் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள், பாடகர் ஒருவரின் நிறுவனத்தின்மீது வழக்கே போட்டிருக்கிறார்கள். செஸ் ஒலிம்பியாட், கார் பந்தயம், ஜல்லிக்கட்டு அரங்கம் என்று தமிழ்நாட்டு அரசும் இந்தப் பாதையில் இறங்கிவிட்ட நிலையில், அந்த அனுபவத்தை நிதானமாக அலசிப் பார்ப்பது நல்லது.

முதலில், அரசு எதற்கு இதில் வர வேண்டும்? சோப்பு விற்பவர் சோப்புக்கு விளம்பரம் செய்கிறார்; ஹோட்டல் நடத்துபவர் தன் ஊருக்கு விளம்பரம் செய்துகொள்ளட்டுமே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் ஊர் யாருக்கும் தனிச் சொத்து இல்லை. ஒரு ஹோட்டல்காரர் தன் கைக்காசைப் போட்டு ஊரின் திருவிழாவை விளம்பரம் செய்தால், வரும் கூட்டம் எதிரில் உள்ள ஹோட்டலிலும் தங்கும், தெருமுனை உணவகத்திலும் சாப்பிடும், டாக்சியிலும் ஏறும். செலவு ஒருவருடையது, பலன் எல்லாருடையது என்றால் யாரும் முதல் ரூபாயை எடுத்து வைக்க மாட்டார்கள். அதனால் எல்லாரிடமும் கொஞ்சம் கொஞ்சம் வசூலித்துப் பொதுவில் செலவு செய்வோம் என்பதே அறை வரியின் அடிப்படை. அதிலும் அந்த வரியைக் கட்டுபவர் உள்ளூர் வாக்காளர் அல்லர். எந்த அரசியல்வாதிக்கும் இதைவிட வசதியான வரி கிடைக்காது. சான் பிரான்சிஸ்கோ நகரம் 1961 முதல் ஹோட்டல் வரியின் ஒரு பகுதியை உள்ளூர்க் கலைக் குழுக்களுக்கு மானியமாகக் கொடுத்துவருகிறது.

டெக்சாஸ் இதைச் சட்டமாகவே கறாராக எழுதிவைத்திருக்கிறது. அங்கே ஒரு நகராட்சி அறை வரிப் பணத்தை எடுக்க வேண்டுமென்றால் இரண்டு சோதனைகளைத் தாண்ட வேண்டும். செலவு சுற்றுலாவையும் ஹோட்டல் தொழிலையும் நேரடியாக வளர்க்க வேண்டும் என்பது ஒன்று. சட்டம் பட்டியலிட்ட சில இனங்களுக்குள் அது அடங்க வேண்டும் என்பது மற்றொன்று: மாநாட்டு மண்டபம், விளம்பரம், கலை, வரலாற்றுச் சின்னப் பாதுகாப்பு, வெளியூர் வீரர்கள் பெரும்பான்மையாக வரும் விளையாட்டுப் போட்டி என்று அந்தப் பட்டியல் போகிறது. கலைக்கு வசூலில் 15 விழுக்காட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று பொதுவான உச்சவரம்பும் உண்டு. சாலை போடவோ, போலீஸ் சம்பளத்துக்கோ, ஊர்ச் சிறுவர்கள் விளையாடும் பூங்காவுக்கோ இந்தப் பணத்தைத் தொடக் கூடாது.

இந்தச் சட்டம் தரையில் எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்கச் சிறு நகரங்களின் மானிய விண்ணப்பப் படிவத்தைப் பார்த்தால் போதும். விழா நடத்தும் குழு, விழாவின் பெயரும் தேதியும் எழுதிவிட்டு அடுத்ததாகச் சொல்ல வேண்டியது, எத்தனை அறைகள் எத்தனை இரவுகளுக்கு நிரம்பும் என்பதை. எந்த ஹோட்டலோடு பேசியிருக்கிறீர்கள், சலுகை விலையில் எத்தனை அறை ஒதுக்கியிருக்கிறார்கள், போன வருடம் இதே விழாவுக்கு எத்தனை பேர் தங்கினார்கள், எந்த வெளியூர்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கப் போகிறீர்கள் என்று கேள்விகள் தொடரும். விழா முடிந்த பிறகும் கணக்கு ஒப்படைக்க வேண்டும். வெறும் வாணவேடிக்கை, ஊர் மக்கள் மட்டும் வந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கும் நிகழ்ச்சி என்றால் அது எவ்வளவு சிறப்பாக நடந்தாலும் இந்தப் பணம் அதற்கில்லை. இந்தப் படிவம் ஓர் அருமையான ஏற்பாடு. கேட்க வேண்டிய கேள்வியைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுகிறது.

சரி, விளம்பரம் செய்தால் உண்மையிலேயே ஆள் வருகிறதா? இந்தக் கேள்விக்குச் சுற்றுலாத் துறையினர் முதலில் எடுத்துப்போடும் சான்று கொலராடோ மாநிலம். பனிச்சறுக்கும் மலைகளும் நிறைந்த அந்த மாநிலம், 1983 முதல் சுற்றுலாச் செலவுகள் மீது 0.2 விழுக்காடு என்ற மிகச் சிறிய வரியை வசூலித்து ஆண்டுக்குச் சுமார் 1.2 கோடி டாலரை விளம்பரத்தில் போட்டுவந்தது. 1992இல் அங்கே வந்த அரசியல் சட்டத் திருத்தம், வரி விஷயங்களில் வாக்காளரின் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. 1993இல் இந்தச் சுற்றுலா வரி வாக்கெடுப்புக்குப் போனபோது மக்கள் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டார்கள். அரசுப் பணத்தில் சுற்றுலா விளம்பரமே இல்லாத ஒரே அமெரிக்க மாநிலமாகக் கொலராடோ ஆனது. பிறகு நடந்ததை லாங்வுட்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் பதிவுசெய்திருக்கிறது. உல்லாசப் பயணிகள் சந்தையில் கொலராடோவின் பங்கு சில ஆண்டுகளில் 30 விழுக்காடு சரிந்தது. கோடை விடுமுறைக்குப் போகும் இடங்களின் வரிசையில் முதலிடத்தில் இருந்த மாநிலம் 17ஆம் இடத்துக்கு இறங்கியது. இழப்பு ஆண்டுக்கு 140 கோடி டாலருக்கு மேல் என்று அந்த நிறுவனம் கணக்கிட்டது. 2000ஆம் ஆண்டில் மாநில அரசு மறுபடி பணம் ஒதுக்கித் துறையைத் திறந்தது.

அமெரிக்கச் சட்டமன்றங்களில் சுற்றுலா பட்ஜெட்டை யாராவது வெட்ட வந்தால் உடனே இந்தக் கதையைச் சொல்வார்கள். கதை பொய்யில்லை. ஆனால் சொன்னவர் யார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லாங்வுட்ஸ், மாநிலங்களின் சுற்றுலாத் துறைகளுக்கு விளம்பரப் பலனை அளந்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம். மிச்சிகன் மாநிலத்தின் ‘ப்யூர் மிச்சிகன்’ விளம்பரத்துக்கும் அதுதான் மதிப்பெண் போட்டது: வெளி மாநிலங்களில் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் ஆறு, ஏழு டாலர் வரியாகவே அரசுக்குத் திரும்பியது என்றது. நடிகர் டிம் ஆலனின் குரலில் வந்த அந்த விளம்பரம் அழகானதுதான். ஆனால் ஒன்று போட்டால் ஏழு வரும் என்றால், எந்த நிதியமைச்சரும் பட்ஜெட் முழுவதையும் அதில் கொட்டிவிட மாட்டாரா? 2016இல் மெக்கினா மையம் என்ற அமைப்பு, பல மாநிலங்களின் பல்லாண்டுப் புள்ளிவிவரங்களை வைத்து இதற்கு நேரெதிரான முடிவை வெளியிட்டது. ஒரு மாநிலம் சுற்றுலா விளம்பரத்தில் 10 லட்சம் டாலர் கூடுதலாகப் போட்டால் தங்கும் விடுதித் துறைக்குக் கூடுதலாகக் கிடைப்பது 20,000 டாலர்தான் என்றது. மெக்கினா மையமும் நடுநிலையானது அல்ல. அரசுச் செலவைக் குறைக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. 2019இல் மிச்சிகன் ஆளுநர் கிரெட்சன் விட்மர், சட்டமன்றத்தோடு ஏற்பட்ட பட்ஜெட் மோதலில் அந்த விளம்பரத்துக்கான முழு ஒதுக்கீட்டையும் ரத்து செய்தார்; பிறகு குறைந்த தொகையோடு அது திரும்பி வந்தது. வாஷிங்டன் மாநிலமோ 2011இல் நிதி நெருக்கடியில் சுற்றுலா அலுவலகத்தையே மூடியது. 2018இல் புதிய சட்டம் போட்டபோது, அரசுப் பணம் வேண்டுமென்றால் தொழில்துறை தன் பங்கைக் கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனை வைத்துத்தான் திறந்தது.

இரண்டு தரப்பையும் சாராதவர் கணக்கு போட்டால் என்ன வரும்? அதற்கு ஃபுளோரிடாவில் விடை கிடைக்கிறது. அங்கே சட்டமன்றத்துக்கென்றே பொருளியல் ஆய்வு அலுவலகம் ஒன்று உண்டு. ஆளும் கட்சிக்கோ ஹோட்டல் சங்கத்துக்கோ பதில் சொல்ல வேண்டியதில்லை. அரசு போடும் ஒவ்வொரு டாலருக்கும் எவ்வளவு வரி வருவாய் திரும்பியது என்று அது கணக்கிடுகிறது. 2015இல் வெளியிட்ட அறிக்கையில் மாநிலச் சுற்றுலா விளம்பரத்துக்கு 3.2 என்று எண் போட்டது. லாபம்தான், ஆனால் ஏழு அல்ல. அடுத்த சுற்றில், 2018இல், அது இரண்டு சொச்சமாக இறங்கியது. அதே 2015 அறிக்கையில் விளையாட்டுக்குக் கொடுத்த சலுகைகளையும் அளந்தார்கள். தொழில்முறை அணிகளின் அரங்கங்களுக்குக் கொடுத்த மானியம், ஒரு டாலருக்கு 30 சென்ட்தான் திருப்பித் தந்தது. பேஸ்பால் அணிகளின் வசந்தகாலப் பயிற்சி மைதானங்களுக்குக் கொடுத்தது 11 சென்ட். எல்லாவற்றையும் மிஞ்சி 5.61 டாலர் தந்தது எது தெரியுமா? பெயரே வெளியில் தெரியாத, மிகச் சிறிய ஒரு திட்டம். உள்ளூரில் நடக்கும் விளையாட்டுப் போட்டிகளுக்கு, வெளி மாநிலத்திலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைப் பார்த்துக் கொடுத்த சிறு மானியங்கள் அவை. பள்ளிச் சிறுமிகளின் சாஃப்ட்பால் போட்டி போன்றவற்றுக்கு அப்பா அம்மா, தங்கை தம்பி என்று குடும்பமே வண்டியெடுத்து வரும். நாலு நாள் தங்கும். காலையிலும் இரவிலும் வெளியில் சாப்பிடும். அந்தப் போட்டி அங்கே நடக்காவிட்டால் அந்தக் குடும்பம் அந்தப் பக்கமே வந்திருக்காது.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் முழு விவகாரமும் அடங்கியிருக்கிறது. டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் கிராம்ப்டன் பல பத்தாண்டுகளாக இதையே வலியுறுத்திவந்தவர். விழாக்களின் பொருளாதாரப் பலன் என்று வெளிவரும் அறிக்கைகளில் நடக்கும் தில்லுமுல்லுகளை 1990களிலேயே அவர் வகை பிரித்து எழுதினார். விழாவில் நிற்கும் எல்லாத் தலைகளையும் எண்ணிப் பெருக்கக் கூடாது என்பார். உள்ளூர்க்காரர் விழாவில் செலவழிக்கும் நூறு டாலர், விழா இல்லாவிட்டால் அதே ஊரில் சினிமாவுக்கோ ஓட்டலுக்கோ போயிருக்கும். ஊருக்குப் புதிதாக வந்த பணம் அல்ல. வெளியூர்க்காரரிலும் இரண்டு பிரிவைக் கழிக்க வேண்டும். அக்கா வீட்டுக்கோ அலுவலக வேலைக்கோ வந்தவர், வந்த இடத்தில் விழா நடக்கிறதே என்று எட்டிப் பார்த்திருப்பார். இன்னொருவர் எப்படியும் அந்த ஊருக்கு ஒருமுறை வரத்தான் இருந்தார். விழா நாளாகப் பார்த்துத் தேதியை மாற்றிக்கொண்டார். இருவரையும் விழா அழைத்துவரவில்லை.

ஓர் ஊரின் விழாவுக்கு 10,000 பேர் வந்ததாக வைத்துக்கொள்வோம். மேடையில் அமைச்சர் சொல்வது இந்த எண்ணைத்தான். அவர்களில் 6,000 பேர் உள்ளூர். மீதி 4,000இல் 1,200 பேர் வேறு வேலையாக வந்தவர்கள், 900 பேர் தேதி மாற்றியவர்கள். விழாவுக்காகவே வந்தவர்கள் 1,900. அவர்களில் பாதிப் பேர் அன்று மாலையே ஊர் திரும்பிவிட்டால், அறை எடுத்துத் தங்கியவர்கள் 950. பத்தாயிரத்தில் தொடங்கிய கணக்கு எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். அறிக்கை எழுதுபவர் இந்தப் படிகளில் எதையாவது ஒன்றை விட்டுவிட்டால் போதும், பலன் இரண்டு மடங்கோ பத்து மடங்கோ ஆகிவிடும். அதற்கு மேல் ‘பெருக்கி’ என்று ஓர் எண்ணைப் போட்டுப் பெருக்குவார்கள்: ஹோட்டலுக்குப் போன பணம் ஊழியருக்குப் போகிறது, ஊழியர் மளிகைக் கடையில் கொடுக்கிறார், அப்படியே சுற்றுகிறது என்ற கணக்கு. விக்டர் மேதசன் என்ற பொருளியலாளர் இதற்குச் சொல்லும் பதில் எளிது. பெரிய போட்டி வாரத்தில் ஹோட்டல் அறை வாடகை மூன்று மடங்காகிறது. ஆனால் அறையைச் சுத்தம் செய்பவரின் சம்பளம் மூன்று மடங்காவதில்லை. கூடுதல் வாடகை வேறு ஊரில் இருக்கும் ஹோட்டல் நிறுவனத் தலைமையகத்துக்குப் போய்விடுகிறது. அமெரிக்கக் கால்பந்து லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஆட்டத்தால் அதை நடத்தும் நகரத்துக்கு 30, 40 கோடி டாலர் கிடைக்கும் என்று லீக் நிர்வாகம் சொல்லிவர, மேதசனும் சக பொருளியலாளர் ராபர்ட் பாடியும் பழைய ஆட்டங்களின் உண்மை விவரங்களை அலசி, அதில் சிறு பங்குதான் தேறும் என்று காட்டினார்கள்.

டெக்சாஸின் கார் பந்தயக் கதை இதற்கு நல்ல உரைகல். பெரிய நிகழ்ச்சிகளை மாநிலத்துக்குக் கொண்டுவர அங்கே தனி நிதி ஒன்று இருக்கிறது. வெளி மாநிலத்திலிருந்து வருகிறவர்களால் எவ்வளவு வரி கூடுதலாக வரும் என்று முன்கூட்டியே மதிப்பிடுவார்கள். உள்ளூர் அரசு போடும் ஒவ்வொரு டாலருக்கும் மாநிலம் 6.25 டாலர் சேர்த்து நிகழ்ச்சி நடத்துவோருக்குக் கொடுக்கும். 2012இல் ஆஸ்டினில் ஃபார்முலா ஒன் பந்தயம் தொடங்கியபோது ஆண்டுக்கு இரண்டரைக் கோடி டாலர் அளவுக்கு இந்த நிதியிலிருந்து போனது. 2015 பந்தயத்துக்கான தொகையை மாநிலம் சுமார் 2 கோடியாகக் குறைத்தபோது, பந்தயம் தொடருமா என்பதே சந்தேகமாகிவிட்டது. மழையில் நனைந்த அந்த ஆண்டுக்குப் பிறகு, கூட்டத்தைப் பிடிக்க 2016இல் டெய்லர் ஸ்விஃப்ட்டின் இசை நிகழ்ச்சியைச் சேர்த்தார்கள். 2018இல் இன்னொரு அடி: ஆள் கடத்தலைத் தடுக்கும் திட்டத்தை உரிய தேதிக்குள் சமர்ப்பிக்கவில்லை என்பதற்காக அந்த ஆண்டு மானியம் முழுவதும் மறுக்கப்பட்டது. பந்தயம் அதற்குப் பிறகும் நடந்தது, இன்றும் நடக்கிறது.

அப்படியானால் மானியம் இல்லாமலும் பந்தயம் வந்திருக்குமா? யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இத்தகைய நிதியின் பெரிய பலவீனமே அதுதான். ‘கொடுக்காவிட்டால் வேறு மாநிலத்துக்குப் போய்விடுவோம்’ என்ற மிரட்டலுக்கு எதிரில் கணக்கு பேசாது.

2016இல் ஃபுளோரிடாவில் வெடித்தது வேறு பிரச்சினை. மாநிலச் சுற்றுலா விளம்பர அமைப்பான ‘விசிட் ஃபுளோரிடா’, மியாமியில் பிறந்த பாடகர் பிட்புல்லுடன் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தது. கடற்கரையைப் போற்றும் ஒரு பாட்டு வீடியோவும் சமூக ஊடகப் பதிவுகளும் செய்ய வேண்டும். எவ்வளவு கொடுத்தீர்கள் என்று சட்டமன்றத் தலைவர் ரிச்சர்ட் கார்கொரன் கேட்டபோது, ‘வணிக ரகசியம்’ என்று மறுத்தார்கள். அவர் நீதிமன்றம் போனார். அடுத்த சில நாளில் பாடகரே ஒப்பந்தத்தை ட்விட்டரில் வெளியிட்டுவிட்டார்: 10 லட்சம் டாலர். அமைப்பின் தலைவர் பதவி இழந்தார். லண்டனின் ஃபுல்ஹாம் கால்பந்து அணிக்கும் ஒரு கார் பந்தய அணிக்கும் கொடுத்த விளம்பரப் பணமும் வெளிச்சத்துக்கு வந்தன. 2017இல் ஒப்பந்தங்களைப் பொதுமக்கள் பார்க்க வெளியிட வேண்டும் என்பது முதலான கட்டுப்பாடுகளோடுதான் சட்டமன்றம் பணத்தை விடுவித்தது. ஒரு பாடகருக்குப் பத்து லட்சம் கொடுத்தது தவறா என்று கேட்டால், அவர் வீடியோவைப் பார்த்த கோடிக்கணக்கானவர்களை வைத்து அதை நியாயப்படுத்த முடியும். மறைத்ததை நியாயப்படுத்த முடியாது. வரி செலுத்துபவரின் பணத்தில் வணிக ரகசியம் என்று ஒன்று இருக்கவே கூடாது.

அறை வரிப் பணம் தேங்கிப்போனால் என்ன ஆகும் என்பதையும் அதே மாநிலத்தில் பார்க்கலாம். டிஸ்னி வேர்ல்டு இருக்கும் ஆர்லாண்டோ பகுதியின் ஆரஞ்ச் கவுண்டியில் அறை வரி 6 விழுக்காடு. 2022, 2023 நிதியாண்டுகளில் ஒவ்வொன்றிலும் 30 கோடி டாலருக்கு மேல் வசூலானது. பூங்காக்களில் வேலை செய்யும் ஊழியர்கள் வாடகை கொடுக்க முடியாமல் திண்டாடும் ஊர் அது. ஆனால் சட்டப்படி அந்தப் பணம் மாநாட்டு மண்டபத்துக்கும் விளம்பரத்துக்கும் அரங்கங்களுக்கும்தான். ஏற்கெனவே நிரம்பி வழியும் ஊருக்கு இன்னும் ஆள் பிடிக்க இத்தனை பணம் எதற்கு என்று அங்கே உள்ளவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஹவாய் இந்தக் கட்டத்தை முன்பே எட்டியது. 14 லட்சம் பேர் வாழும் தீவுகளுக்கு 2019இல் ஒரு கோடிக்கும் அதிகமான பயணிகள் வந்தார்கள். 2021இல் சட்டமன்றம் அங்குள்ள சுற்றுலா ஆணையத்துக்கு அறை வரியிலிருந்து தானாக வந்துகொண்டிருந்த பங்கை நிறுத்தியது. ஆளைக் கூட்டுவதைவிட, வந்தவர்களை எப்படி நடத்துவது, ஊர்க்காரர் வாழ்வு கெடாமல் எப்படிப் பார்ப்பது என்பதை நோக்கி ஆணையம் திரும்ப வேண்டியிருந்தது.

அதே ஹவாயில் ஹீலோ என்ற ஊரின் கதையைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நிறைவாகாது. 1960 மே மாதம், சிலி நாட்டில் ஏற்பட்ட நிலநடுக்கம் எழுப்பிய சுனாமி பசிபிக் கடலைக் கடந்து வந்து ஹீலோவைத் தாக்கியது. 61 பேர் இறந்தார்கள். கடலோரக் கடைவீதி அழிந்தது. ஊரை எப்படியாவது நிமிர்த்த வேண்டும் என்று தீவின் நிர்வாகத் தலைவராக இருந்த ஹெலன் ஹேல் யோசித்தார். மாவி தீவில் லஹைனா ஊரில் திமிங்கில வேட்டைக் காலத்தை நினைவுகூரும் ஒரு கேளிக்கை விழா கூட்டம் சேர்ப்பதைக் கேள்விப்பட்டு, 1963இல் தம் ஆட்களை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். அவர்களில் ஒருவர் ஹூலா நடன ஆசிரியர் ஜார்ஜ் நாஓபே. 1964இல் ‘மெரி மொனார்க்’ விழா பிறந்தது. ஹவாயின் கடைசி அரசர்களில் ஒருவரான கலாகாவாவின் செல்லப் பெயர் அது. அரசரைப் போல் தாடி வைத்தவர்களுக்குப் போட்டி, முடிசூட்டு விழா வேடம், ஓட்டப் பந்தயம் என்று பயணிகளை ஈர்க்கும் எல்லாம் இருந்தன. சில வருடங்களில் ஆர்வம் வற்றிப்போய், 1968இல் விழாவையே கைவிட நிர்வாகம் முடிவு செய்தது.

அப்போது டாட்டி தாம்சன் என்ற உள்ளூர்ப் பெண்மணி நானே நடத்துகிறேன் என்று ஏற்றுக்கொண்டார். ஹவாய் மக்களின் சொந்தக் கலையை நடுவில் வைத்தார். அரசு ஆதரவின்றி நலிந்திருந்த ஹூலாவைக் கலாகாவா அரசர்தான் மீண்டும் அரசவைக்குக் கொண்டுவந்தவர். அவர் பெயரில் நடக்கும் விழாவில் தாடிப் போட்டி எதற்கு? 1971இல் ஹூலா போட்டி தொடங்கியது. 1976இல் ஆண்கள் பிரிவும் சேர்ந்தது. ஆடுபவர்கள் மாதக்கணக்கில் பயிற்சி செய்து, மாலைக்கான பூவையும் இலையையும் காட்டில் தாங்களே பறித்துக் கட்டி வருகிறார்கள். நடுவர்கள் அடவையும் மந்திரப் பாடலின் உச்சரிப்பையும் ஆடையையும் கவனித்து மதிப்பெண் போடுகிறார்கள். விழா வாரத்தில் ஹீலோவில் அறை கிடைப்பது அரிது. நீண்ட காலம் அஞ்சலில் விண்ணப்பித்துத்தான் டிக்கெட் வாங்க முடிந்தது. ஜப்பானிலிருந்தும் அமெரிக்கப் பெருநிலத்திலிருந்தும் ஆர்வலர்கள் வருகிறார்கள். பயணிக்காகத் தொடங்கிய விழாவுக்குப் பயணி வரவில்லை. ஊருக்காக மாற்றிய பிறகு தேடி வந்தார். விளம்பர நிறுவனங்களின் எந்த அறிக்கையையும்விட இந்த ஊரின் அனுபவம் அதிகம் கற்பிக்கிறது. பணம் கொடுக்கும் அரசு, ஊர் தன் விழாவை உண்மையாக விரும்புகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் அறை வரியை விழாவுக்கு ஒதுக்கும் இந்த ஏற்பாடுகள் எதுவும் இல்லை என்பதற்கு வரி அமைப்பே ஒரு காரணம். 1981ஆம் ஆண்டின் சொகுசு வரிச் சட்டத்தின் கீழ் ஹோட்டல் அறைகளுக்கு மாநிலம் தனி வரி வாங்கிவந்தது. 2017 ஜூலை 1 முதல் அது ஜிஎஸ்டிக்குள் கரைந்துவிட்டது. மாமல்லபுரத்தில் அறை எடுப்பவர் கட்டும் வரி, அரிசிக் கடையிலும் செல்போன் கடையிலும் வசூலாகும் வரியோடு கலந்து பொதுக் கஜானாவுக்குப் போகிறது. மாமல்லபுரத்துக்கு அதில் தனிப் பங்கு இல்லை. கேளிக்கை வரி மட்டும் உள்ளாட்சிகளிடம் மிஞ்சியிருக்கிறது. அதனால் இங்கே விழாவுக்கு ஒதுக்கும் ஒவ்வொரு ரூபாயும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகக்கூடிய அதே பொதுப் பணத்திலிருந்து வருகிறது. விருந்தாளி கட்டியதை விருந்தாளிக்கே செலவிடுகிறோம் என்று டெக்சாஸ் நகராட்சி சொல்லும் சமாதானத்தைச் சென்னையில் சொல்ல முடியாது. ஆகவே இங்கே கணக்கு இன்னும் கறாராக இருக்க வேண்டும்.

2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. ரஷ்யாவில் நடக்க இருந்த போட்டி, உக்ரைன் போரால் இடம் மாறியபோது தமிழ்நாடு விரைந்து கேட்டுப் பெற்றது. நேப்பியர் பாலத்துக்குச் சதுரங்கக் கட்டங்களாகக் கறுப்பு வெள்ளை பூசியது முதல் ‘தம்பி’ குதிரைச் சின்னம்வரை, விளம்பரத்தில் ஒரு மெருகு இருந்தது. உலகம் பார்த்த பெருமை நியாயமானது. 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடந்தது; அதற்கு முன்பே பொதுப் பணத்தைச் செலவிடலாமா என்ற வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய், நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. ஆதரித்தவர்கள் நகரத்தின் பெயர் பரவும் என்றார்கள். எதிர்த்தவர்கள் போக்குவரத்து நெரிசலையும் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியையும் பேசினார்கள். இரு பக்கமும் முக்கியமானவைதான். ஆனால் அந்தப் பந்தயத்தைப் பார்க்கவென்றே பெங்களூரிலிருந்தோ ஹைதராபாத்திலிருந்தோ எத்தனை பேர் வந்து எத்தனை இரவு தங்கினார்கள் என்ற கேள்வி, அந்த வாதப் பிரதிவாதத்தின் நடுவில் வந்து உட்காரவில்லை.

அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்கு இந்தக் கேள்வி வேறு விதமாகப் பொருந்தும். ஹீலோவின் ஹூலாவைப் போல, மதுரைக்காரர்கள் வேறு யாருக்காகவும் நடத்தாத, தங்களுக்காகவே நடத்தும் விழா அது. வெளிநாட்டுப் பயணிகளைச் சுற்றுலாத் துறை அழைத்துவந்து தனி மேடையில் உட்கார வைக்கிறது, நல்ல காரியம். 2024 ஜனவரியில் கீழக்கரை கிராமத்தில் பெரிய ஜல்லிக்கட்டு அரங்கமும் திறக்கப்பட்டது. ஆனால் ஃபுளோரிடா அறிக்கையில் அரங்கங்களுக்குக் கிடைத்த 30 சென்ட்டும் 11 சென்ட்டும் இங்கே நினைவில் இருக்க வேண்டும். கட்டடத்தைவிட, பொங்கல் வாரத்தில் மதுரை ஹோட்டல்களிலும் வீட்டுத் தங்கல்களிலும் அறை நிரம்புகிறதா, வந்தவர் ஜல்லிக்கட்டோடு கீழடியையும் பார்த்து இன்னொரு நாள் தங்குகிறாரா என்பதே பணம் ஊருக்குள் இறங்குவதைத் தீர்மானிக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய செலவு ஆகாது. அமெரிக்கச் சிறு நகரங்களில் விழா வாசலில் நின்று வருபவரிடம் அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். இங்கும் பின்கோடு, இதற்காகவே வந்தீர்களா, எத்தனை இரவு எங்கே தங்குகிறீர்கள் என்று மூன்று கேள்விகள் போதும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் ஐம்பது பேர் இரண்டு நாளில் இதைச் செய்து முடிப்பார்கள். விழாவை நடத்திய துறையே தனக்கு மதிப்பெண் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது மட்டும் முக்கியம். கணக்கெடுப்பவர் வெளியாளாக இருக்க வேண்டும், முடிவும் ஒப்பந்தங்களும் மூன்று மாதத்துக்குள் பொதுவில் வைக்கப்பட வேண்டும். அடுத்த விழாவுக்கு நிதி ஒதுக்கும் அரசாணையிலேயே இந்த நிபந்தனையைச் சேர்த்துவிடலாம். அதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை; துறைச் செயலாளரின் ஒரு கையெழுத்து போதும்.